ஏலத்தில் எடுத்த அரிவாளோடு அய்யலூர் வரை

சென்ற மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை திண்டுக்கல்லிலிருந்து அய்யலூருக்குப் போய்வந்தோம். திருவிழாவுக்கும் இல்லை, ஆடு வாங்கவும் இல்லை. என் வீட்டுக்காரர் ஏலத்தில் எடுத்த ஒரு பொருளை வீட்டுக்குள் வைக்க வழியில்லாமல் போனோம். ஏலத்தில் பழம்பொருள் எடுக்கும் கணவர் வாய்த்த சகோதரிகள் வேறு ஊர்களிலும் இருப்பார்கள். அவர்களுக்கு உதவட்டும் என்று வழியையும் கட்டணத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இவர் தோல் மண்டியில் கணக்கர். மண்டியில் ஓரணாவுக்கு அரை மணி நேரம் வாதாடுவார். ஏலம் என்றால் மட்டும் கை தானாக உயர்ந்துவிடும். ஊருக்குத் திரும்பும் துரைமார்கள் பங்களாச் சாமான்களை விற்கத் தொடங்கியதிலிருந்து எங்கள் கூடத்தில் சுவர் தெரிவதில்லை. குதிரைப்படைக்காரன் தொப்பி, வெடிமருந்து வைக்கும் மாட்டுக்கொம்பு, உறையில்லாத வாள், வாளில்லாத உறை, மூக்கு உடைந்த பீங்கான் நாய்கள் இரண்டு. ஒரு பீரங்கிக் குண்டும் உண்டு. அதை மட்டும் நான் ஊறுகாய் ஜாடி மூடிக்குக் கனமாக வைத்துக்கொண்டேன். முருகன் படத்துக்கு ஓர் ஆணி அடிக்க இடம் கேட்டு ஆறு மாதமாகக் காத்திருக்கிறேன்.

நாங்கள் அய்யலூர் போன வாரத்து ஞாயிற்றுக்கிழமை ஏலம் வத்தலக்குண்டுக்கு அருகே ஒரு தோட்டத்துப் பங்களாவில். பணப்பை என்னிடம் இருக்கட்டும் என்று நானும் கூடப் போனேன். சமையலறைப் பக்கம் நல்ல பீங்கான் ஜாடிகள் இருப்பதாகச் சொன்னார்கள், பார்க்கப் போனேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தால் இவர் ஆளுயர இரும்பு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு சிரிக்கிறார். இருபத்திரண்டு ரூபாய், என் பணப்பையிலிருந்து கொடுக்க வேண்டியது.

"பாளையக்காரர் காலத்துப் போர்வாள்! பட்டணத்து ஏலக்காரரே சொல்றாரு. உள்ளூர்க்காரன் ஒருத்தனும் எதிர்த்துக் கேக்கல. இதோட மதிப்பு ஒருத்தனுக்கும் தெரியல பாரு."

எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. நுனி வளைந்த அரிவாள், பிடியில் இரண்டு மணிகள், இடுக்கில் காய்ந்துபோன குங்குமம், அலகில் "அய்யலூர் கருப்பணசாமிக்கு" என்று கொத்திய எழுத்து. நேர்ந்துகொண்டவர்கள் கருப்பனுக்கு அடித்துக் கொடுத்து, கோயில் மண்ணில் ஊன்றும் அரிவாள். உள்ளூர்க்காரன் ஏன் கேட்கவில்லை என்பது இப்போது புரிகிறதா என்றேன். "எழுத்து இருந்தா விலை கூடும்" என்றார். விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று ஏலக்காரர் கையை விரித்துவிட்டார்.

மற்ற நாளாயிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பேன். ஆனால் வெள்ளிக்கிழமை எங்கள் மகள் சரோஜா தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். பிள்ளை பெறும் வீட்டில் தீட்டு உண்டு. அந்தக் கூரைக்கடியில் கருப்பன் ஆயுதம் இருப்பதா? அவள் வாசல் மிதிப்பதற்குள் அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போயாக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குள்ளும் விடவில்லை. வாசல் வேம்பில் சாத்தி வைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் அதில் எலுமிச்சம்பழம் குத்தியிருக்கிறது. மாலையில் மஞ்சள் துணி. புதன்கிழமை பக்கத்துத் தெருப் பெண்கள் சூடம் ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டிருக்க, இவர் நடுவில் நின்று, "அம்மா, எண்ணெய் ஊத்தாதீக, பழைய நிறம் போயிரும்" என்று கெஞ்சுகிறார். மறுநாளே கிளம்புவது என்று அப்போதுதான் ஒருவழியாக ஒத்துக்கொண்டார். அதுவும் எப்படி? கோயிலில் விசாரித்து, அவர்கள் கேட்டால் மட்டும் கொடுப்பாராம்.

திண்டுக்கல்லிலிருந்து அய்யலூர் திருச்சிச் சாலையில் சுமார் பதினேழு மைல். காலை ஏழு மணி பஸ். ஆளுக்கு எட்டணா, கண்டக்டர் நயா பைசாவில் ஐம்பது என்பார், இரண்டும் ஒன்றுதான். வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச்சந்தை என்பதை நான் மறந்துபோனேன். கூரைமேல் ஆடு, படியில் ஆடு, என் காலடியில் ஒரு கிடாய். சாக்கில் சுற்றிய அரிவாளைக் கூரைக்கு ஏற்றச் சொல்லி இவர் நீட்டினார். மணி கிணுங்கியதும் கண்டக்டர் சாக்கை விலக்கிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏண்ணே, சாமிய ஆட்டுப் புழுக்கையில போடச் சொல்றீக? நல்லா இருக்கு!"

"சாமி இல்லப்பா, இது பழைய காலத்து ஆயுதம்."

"எந்தக் காலமா இருந்தா என்ன? கருப்பன் கருப்பந்தான். கீழயும் வைக்கக் கூடாது, கால் படும். ஏலே அப்பு, எந்திரி, சன்னலோரம் எடம் விடு!"

சன்னலோரம் இருந்த ஆட்டு வியாபாரி மறுபேச்சில்லாமல் எழுந்தார். அரிவாள் உட்கார்ந்தது. பக்கத்தில் இருந்தவரும் மரியாதைக்கு எழுந்துகொண்டார். அதைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று இவர் அங்கே உட்கார்ந்துகொண்டார். அரிவாளுக்கு அரை டிக்கெட், நாலணா. பதினேழு மைலும் நின்றுகொண்டே வந்தது நான். வடமதுரைக்கு அந்தப் பக்கம் கிடாய் என் முந்தானையைத் தின்னத் தொடங்கியது. "ஆத்தா, செத்த நேரந்தான், பொறுத்துக்கங்க" என்று கண்டக்டர் என்னிடம் சொன்னாரா, கிடாயிடம் சொன்னாரா தெரியவில்லை.

பஸ் நிற்கும் இடத்திலிருந்து கோயில் ஒன்றரை மைல். மாட்டு வண்டிக்காரர் பன்னிரண்டணா கேட்டார், பத்துக்குப் படிந்தது. பனைகளுக்கு நடுவே திறந்த வெளியில் தகரக் கொட்டகை, மண்குதிரை, முன்னால் கோணல்மாணலாக ஊன்றிய அரிவாள்கள். பூசாரி அறுபது வயதுக்காரர். எங்கள் அரிவாளைக் கையில் வாங்கி எழுத்தைத் தடவிப் பார்த்தார். ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று மன்னிப்புக் கேட்கும்படி இவருக்கு நான் கண்ணைக் காட்டினேன்.

"இத நாங்கதான ஏலத்துல விட்டோம்!" என்றார் பூசாரி.

"நீங்களா?" என்றேன்.

"ஆமாத்தா. வருசா வருசம் சனம் ஊனிக்கிட்டே இருக்கு. சாமிக்கு நிக்க எடம் வேணும்ல? பழசப் பூக்கட்டிக் கேட்டு, உத்தரவு வாங்கித்தான் கழிப்போம். இந்தத் தகரம் போட்டதே அப்ப இத எடுத்த தோட்டத்துத் துரை குடுத்த காசுல. சாமி விட்ட பொருளு. குத்தம் ஒண்ணும் இல்ல."

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "கேட்டியா? சாமியே வித்திருக்காரு. நான் திருடிட்டு வந்த மாதிரியில்ல பேசுன?" என்று உடனே சாக்கை எடுத்துச் சுற்றத் தொடங்கிவிட்டார். அப்படியானால் இத்தனை தூரம் ஆட்டோடு நின்று வந்தது எதற்கு? வீட்டில் மகளுக்கு விரிக்க வேண்டிய பாயை நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் நாலைந்து நாளில் வலி எடுத்தாலும் எடுக்கலாம்.

"பிள்ளை பெறுற வீடுங்க ஐயா. அங்க இத வைக்கலாமா?" என்று கேட்டேன்.

பூசாரி யோசித்தார். "அது ஆகாது. இது கண்ட சாமானா? வேற எங்கிட்டாவது வைங்க."

"நீங்களே வச்சுக்கங்க."

"வித்தத எப்படித்தா திரும்ப வாங்குறது? ஒண்ணு செய்யலாம். புதுசா நேர்ந்துக்கிட்டு ஊனினா ஏத்துக்கிருவோம். ஏலத்துல எடுத்தவரு கையாலதான் ஊனணும். யாரு பேருல?"

நான் இவர் பக்கம் திரும்பினேன். இவர் சாக்கைப் பாதி சுற்றியபடி அரிவாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மணியை ஒருதரம் விரலால் தட்டினார். கொட்டகையில் ஆட்டுக்குட்டி ஒன்று கத்திக்கொண்டிருந்தது. பிறகு சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரோஜா பேருல" என்றார். "தாயும் பிள்ளையும் தனித்தனியா வரணும்னு சொல்லுங்க."

பூசாரி குழி தோண்டினார். இவர் ஊன்றினார், பூசாரி மண்ணை மிதித்தார். விபூதி வாங்கிக்கொண்டு இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று நான் செருப்பைத் தேடினேன். இவர் நாலடி பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஐயா, நீங்க இத வச்சிருக்கிற முறையே சரியில்லையே. குட்டை முன்னாடி வரணும், நெட்டை பின்னாடி."

பூசாரி கோபிப்பார் என்று பயந்தேன். "அதான் நானும் நெனச்சேன், ஒத்த ஆளா என்னத்தச் செய்ய?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து எல்லாவற்றையும் பிடுங்கி, உயரம் பார்த்து, வயது பார்த்து, வரிசை பார்த்து ஊன்றினார்கள். இரண்டு மணி பஸ் போயிற்று. நாலு மணி பஸ்ஸும் போயிற்று. நான் மண்குதிரை நிழலில் உட்கார்ந்து கந்தர் மேல் தெரிந்த பாட்டையெல்லாம் இரண்டு தடவை சொல்லி முடித்தேன். ஆறேகாலுக்கு ஒரு லாரியில் இடம் கிடைத்தது, இரண்டு பேருக்கு ஒரு ரூபாய்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். வியாழக்கிழமை அய்யலூர் பஸ் வேண்டாம்; ரயில் இருக்கிறது, நெடுஞ்சாமானுக்கு அதுவே வசதி. கோயில் பக்கம் சாப்பாடு கிடையாது, புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள். ஏலத்தில் இரும்புச் சாமானில் மணி கட்டியிருந்தால், விலை கேட்பதற்கு முன் பிடி இடுக்கில் குங்குமம் இருக்கிறதா என்று பாருங்கள். ஜாடி பார்க்கப் போகிறவர்கள் கணவரையும் கையோடு கூட்டிப்போங்கள்.

சரோஜா வெள்ளிக்கிழமை மாலை வந்து சேர்ந்தாள். வேம்படியைக் கழுவிக் கோலம் போட்டு வைத்திருந்தேன். வண்டியிலிருந்து இறங்கியதுமே, "அப்பா எங்கம்மா?" என்றாள். மண்டியில் லீவு போட்டுவிட்டு, ஒரு படி செங்கல்பொடியும் தேங்காயெண்ணெயும் எடுத்துக்கொண்டு விடியற்காலையிலேயே அய்யலூருக்குப் போய்விட்டவரைப் பற்றி நிறைமாதக்காரியிடம் என்ன சொல்ல? உனக்காக வேண்டிக்கொள்ளப் போயிருக்கிறார் என்றேன். அவள் கண் கலங்கிவிட்டாள். துரு தேய்க்கப் போயிருக்கிறார் என்று நான் சொல்லவில்லை.