பீரோவுக்குள் ஓடிய பாடம்

திருமங்கலம் பக்கம் பாண்டிமீனாவைத் தெரியாத அறிவியல் ஆசிரியர் இருக்க முடியாது. ஆசிரியர் பயிற்றுநர். எட்டு வருடமாகச் சிம்மக்கல்லில் பஸ் ஏறி, புரொஜக்டரை மடியில் வைத்துக்கொண்டு போய், செல்போன் செயலியை வைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்று கொட்டாவி விடும் நாற்பது பேருக்குச் சொல்லித்தருகிறாள். சாப்பாடு வந்துவிட்டதா என்பதைத் தவிர யாரும் அவளிடம் சந்தேகம் கேட்டதில்லை. நானும் அதே வேலை பார்ப்பதால் சொல்கிறேன், அலுத்துப்போகும்.

போன கோடையில் மட்டும் அவளுக்கு ஒரு வேகம் வந்தது. கீழக்குயில்குடியில் ஒரு கிணற்றடியில் மூன்று நாள் வெயிலில் நின்று, கப்பியைப் பற்றி ஆறு நிமிடப் படம் எடுத்துச் செயலியில் ஏற்றினாள். ஒருவரும் சீண்டவில்லை. ஒரே ஒரு கிராமத்துப் பள்ளியில் மட்டும் முந்நூறு தடவை ஓடியிருந்தது.

"நம்ம படத்தையும் பாக்குறாங்கல்ல சார்," என்று அன்றைக்கே என்னிடம் மூன்று முறை சொன்னாள். பள்ளி ஆய்வு வந்ததும் அந்த ஊரைத்தான் கேட்டு வாங்கினாள். நானும் கூடப் போனேன்.

வகுப்பில் ஆள் இல்லை. பூட்டிய பீரோவுக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் பின்னாலிருந்த கிணற்றில், கப்பி போட்டும் போடாமலும் வாளியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஆசிரியர் தவசிக்கு முகம் வெளிறிவிட்டது.

"செயலியில தினம் ஏதாச்சும் ஒரு படம் ஓடலைன்னா மெமோ வருது மேடம். அதான் இதையே ஓட விட்டு, போனை பீரோவுல வச்சுப் பூட்டிட்டு வந்துருவேன். கிணறு இந்தா இருக்கு, இதப் போயி எதுக்குப் படத்துல பாக்கணும்?"

"நீங்களாச்சும் ஒரு தடவ பாத்தீங்களா?"

அவர் ஒரு பையன் கையிலிருந்த கயிற்றை வாங்கித் தானே வாளியை இழுக்க ஆரம்பித்தார்.

பாண்டிமீனா கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து ஆய்வுப் படிவத்தை எடுத்தாள். படம் காட்டப்பட்டதா என்று முதல் கேள்வி. இல்லை என்று எழுதினால் தவசிக்கு மெமோ.

"மிஸ், கப்பி இருந்தா கீழ் பக்கமா இழுக்கலாம். நம்ம வெயிட்டும் சேந்து இழுக்குது," என்றாள் ஒரு பெண், கேட்காமலே.

பாண்டிமீனா ஆம் என்று எழுதினாள். பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்ற அடுத்த கேள்விக்கும் ஆம்.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "ரெண்டாவது பதில் பொய்யில்ல சார். ஆனா அதுல எனக்கு ஒரு வேலையும் இல்ல," என்று சொல்லிவிட்டு அழுதாள்.