வலப்பக்க சீட்

என் வீட்டுக்காரர் ஒரு அமெரிக்கக் கம்பெனியின் கதையைச் சொந்தக்காரர் வீட்டுக் கதைபோலச் சொல்வார். இரண்டாம் உலகப் போருக்காக அவசர அவசரமாக ஜீப் செய்தது, சண்டை முடிந்ததும் அதே வண்டிக்கு வேறு பெயிண்ட் பூசி அந்த ஊர் விவசாயிகளுக்கு விற்றது, அப்புறம் கம்பெனியே இரண்டு மூன்று முதலாளி கைமாறியது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. எழுபதுகளின் நடுவில், பட்டாளம் ஏலத்தில் கழித்துவிட்ட அந்தக் கம்பெனி ஜீப் ஒன்றை மட்டாஞ்சேரி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதிலிருந்து பிடித்த பைத்தியம் அது.

அமெரிக்க வண்டி, ஸ்டியரிங் இடப்பக்கம். நம் ரோட்டில் அப்படி உட்கார்ந்து ஓட்டினால் முன்னால் போகும் லாரியின் முதுகு மட்டும்தான் தெரியும். எதிரே என்ன வருகிறது என்று வலப்பக்கம் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு வைத்த ஆள் ஒருவன் தூங்கி வழிந்தான். இன்னொருவன் பஸ் வரும்போதே போகலாம் என்றான். கடைசியில் புதுப் பெண்டாட்டி நான் ஏறினேன். மாமியாரும் வேறு வழியில்லாமல் விட்டார்.

பஜாரில் இஞ்சி மூட்டையும் மிளகு மூட்டையும் ஏற்றிக்கொண்டு கலூர், இடப்பள்ளி, ஆலுவா என்று போவோம். பொறுங்க என்றால் பொறுப்பார், எடுங்க என்றால் எடுப்பார். வேறு எந்த விஷயத்திலும் என் பேச்சை அப்படிக் கேட்டதில்லை, அது வேறு கதை! கதவில்லாத வண்டி, காற்று முகத்தில் அறையும். அடடா, அந்தச் சந்தோஷம் இன்றைய ஏசி காரில் ஏது?

ஆனால் மருமகள் ஊர் சுற்றுகிறாள் என்று பெயர் வரக்கூடாதே. அதனால் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாடி, இடுப்பு போச்சு என்று ஒரு முனகல். ஐந்து வருஷம் ஒருநாள் விடாமல் முனகினேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் அவர் வொர்க்ஷாப்பிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். நம் நாட்டில் செய்யும் ஜீப்பின் சாமான்களைப் போட்டு ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றிவிட்டாராம்.

"இனி நீ கஷ்டப்படண்டாம். சுகமா வீட்ல இரி," என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லது செய்கிறேன் என்று நினைத்துச் செய்த மனுஷனிடம் எப்படிச் சண்டை போடுவது? இரண்டு நாள் பாத்திரங்களை உருட்டினேன். மூன்றாம் நாள் காலை அவர் சாவியை எடுத்தபோது, மாமியார் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் கொட்டிவிட்டேன்.

"எனக்கு இடுப்பு வலியே கிடையாது. வண்டில வரணும்னு ஆசை. அவ்வளவுதான்."

மாமியார் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். இடுப்பு வலிக்கிறவ காலங்காத்தால தலைசீவிப் பூ வெச்சு வாசல்ல நிப்பாளா? போடீ, ஏறு."

ஐந்து வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டியவருக்குத்தான் தெரியவில்லை.