காகிதம் அடைத்த குத்துப்பை

நாற்பத்தேழு வயதில் மறுபடியும் குத்துச்சண்டைக்குக் கிளம்பிய நான், ஏழு மாதம் காகிதத்தைக் குத்திவிட்டு, கையில் பழைய பலம் அப்படியே இருக்கிறது என்று நம்பினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பழைய குத்துப்பையில் இருந்த மணலும் துணியும் எலிகளின் தயவால் எப்போதோ கொட்டிப் போயிருந்தன. என் மனைவி காலண்டர் பைண்டிங் செய்யும் அச்சகத்தில், ஓரம் வெட்டித் தள்ளிய காகித நறுக்கு மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அதில் இரண்டு மூட்டை கேட்டு வாங்கி வந்தாள். அடைத்துக் கட்டித் தொங்கவிட்டு ஒரு குத்து விட்டேன். பை எழும்பிப்போய்த் தகரக் கூரையில் இடித்தது.

"பாத்தியா?" என்றேன்.

"கூரைய ஒடச்சிராதீக. மழ வருது," என்றாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இந்த வயதில் இது எதற்கு என்றால், வேறு எதுவும் இல்லை என்பதுதான் காரணம். பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தேன். கம்பெனியை மூடிவிட்டார்கள். மற்ற கம்பெனிகளில் போய்க் கேட்டால், ஒருவர் சீசன் வரட்டும் என்பார், ஒருவர் ஆர்டர் வரட்டும் என்பார். அப்போதுதான் சாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் குத்துச்சண்டை மாஸ்டர் தேடுவதாகத் தெரிந்தது. கல்லூரிக் காலத்தில் ஹெவி வெயிட்டில் வாங்கிய மூன்று மெடல்களை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதில் இரண்டு, எதிராளி வராததால் கிடைத்தவை. அதை நான் சொல்லவில்லை.

தாளாளர் மெடல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதெல்லாம் அப்ப. இப்ப கையில என்ன இருக்குன்னு பாக்கணும்ல? விருதுநகர்ல நாப்பது வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு ஏழெட்டு மாசத்துல ஒரு போட்டி நடக்கப் போகுதாம். அங்கன வந்து பாத்துட்டுச் சொல்றேன்," என்றார்.

ஹெவி வெயிட்டில் வெயிட் என்னிடம் பத்திரமாகவே இருந்தது. அடி இருக்கிறதா என்பதில்தான் சந்தேகம். வயதானால் காலும் வேகமும் போய்விடும், ஹெவி வெயிட்காரனின் அடி மட்டும் கடைசி வரை போகாது என்று போனில் ஒருவர் பேசிய வீடியோவைத் தினமும் பார்த்தேன். அவர் சொன்னதற்குச் சாட்சியாகப் பையும் கூரை வரை பறந்துகொண்டிருந்தது.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, மனைவி வீங்கிய கால்களை நீட்டி உட்கார்ந்து, "இந்த மாசத்தோட நின்னுக்கிறேன்னு அச்சகத்துல சொல்லிட்டேங்க. அதான் ஒங்களுக்கு வேல வரப்போகுதே," என்றாள்.

சனிக்கிழமை எடை பார்க்க விருதுநகர் போனேன். அங்கே ஒரு நிஜக் குத்துப்பை தொங்கியது. பக்கத்தில் யாரும் இல்லை. வீட்டில் குத்துவதுபோலவே குத்தினேன். பை அசையவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வலி ஏறியது. இன்னொரு குத்துக்குச் சங்கிலி மட்டும் லேசாகக் கனைத்தது. ஏழு மாதமாக என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது அப்போது புரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனைவியின் கால்கள்தான் கண்ணுக்குள் நின்றன.

மறுநாள் காலையில் எனக்கு எதிராளியாக வந்தவரைத் தேடிப் பிடித்தேன். காரியாபட்டிப் பக்கத்து விவசாயி, என்னைவிட இளையவர். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு உதவி," என்று ஆரம்பித்து, வேலை, தாளாளர், மனைவியின் கால் எல்லாவற்றையும் கொட்டினேன். "என் வலது கை ஒங்க மேல பட்டா, கொஞ்சம் கீழ விழுந்துருவீகளா?"

கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் பழத்தை மென்று விழுங்கினார்.

"இதுக்கு ஏண்ணே கண்ணு கலங்குறீக? நானே சுகர் கொறையும்னு டாக்டர் சொன்னதால வாரேன். ரெண்டாவது ரவுண்டுல அடிங்க. விழுந்துருதேன்."

அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன்.

முதல் ரவுண்டு ஒருவரை ஒருவர் சுற்றி வந்ததில் முடிந்தது. இரண்டாவதில், உடம்பு முழுவதையும் தோளில் திரட்டி வலது கையை அவர் தாடையில் இறக்கினேன். சரியாகப் பட்டது. அவர் நின்றார். மறந்துவிட்டாரோ என்று இன்னொன்று விட்டேன். பிறகு வயிற்றில் ஒன்று. புருவத்தை உயர்த்தி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணடித்தேன். அவரும் கண்ணடித்தார். மூன்றாவது ரவுண்டில் என் கைகள் மேலே வரவே இல்லை. முன்வரிசையில் அதுவரை உட்கார்ந்திருந்த தாளாளரின் நாற்காலி காலியாக இருந்தது.

நடுவர் முடிவு சொல்லி விவசாயியின் கையைத் தூக்கிய பிறகு, கைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவரிடம் போனேன்.

"தம்பி, வாக்குக் குடுத்துட்டு இப்பிடிப் பண்ணிட்டீகளே."

அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"நானும் எப்ப அடிப்பீக, எப்ப விழலாம்னு காத்துக்கிட்டேதாண்ணே இருந்தேன். நீங்க கடைசி வரைக்கும் அடிக்கவே இல்லையே."