எழுதாம விட்ட ஊடு

ஏறாவூரில எங்கட ஆக்களுக்கு ஊடு எண்டா அது பொம்புளப் புள்ளைக்குத்தான். ஆம்புள கலியாணம் முடிச்சா உடுப்புப் பேக்கோட பொண்டாட்டிட ஊட்டுக்குப் போவான். அவ மௌத்தாப் போனா, அதே பேக்கத் தூக்கிக்கிட்டு தாய் ஊட்டுக்கோ சகோதரி ஊட்டுக்கோ திரும்பிருவான். இத யாரும் யாருக்கும் சொல்லிக் குடுக்கிறதில்ல. அதால எனக்கு அடுத்த வளவு றமீஸாட ஊட்டப் பத்தி ஒருத்தருக்கும் சந்தேகம் வரல்ல. கலியாணத்தோட மகள்ட பேருக்கு எழுதுவம் எண்டு தாய் கைறுன்னிஸா இருந்தா. அதுக்குள்ள வருத்தம் அவவப் படுக்கையில போட்டிட்டு.

றமீஸாவப் பெத்த வாப்பா அவள் கைக்குழந்தையா இருக்கக்குள்ளயே மௌத்து. அவளுக்கு நாலு வயசில கைறுன்னிஸா பாஹிம் எண்டவர ரெண்டாங் கலியாணம் முடிச்சா. ஆத்தங்கரையில மீன் எடுத்து மோட்டார் சைக்கிள்ல ஊர் ஊராக் கொண்டு விக்கிற மனிசன். இல்லாததச் சொல்லக்கூடாது, புள்ளய நல்லாத்தான் பாத்தார். அவர்தான் பள்ளிக்கூடம் ஏத்திக்கிட்டுப் போவார். மீன் மணக்குது எண்டு மத்தப் புள்ளையள் மூக்கப் பொத்துங்கள். இவள் தலைய நிமித்திக்கிட்டு இறங்குவாள். என்ட வாப்பா, என்ட வாப்பா எண்டு அப்பிடியொரு பெருமை. வளந்து அபாயா தைக்கத் தொடங்கினாப் பிறகும் அவர் சாப்பிடாம அவள் ஒரு பிடி சோறு வாயில வெக்க மாட்டாள்.

கைறுன்னிஸா கடைசியாக் கிடக்கக்குள்ள பாஹிம்தான் வேலிக்கு மேலால என்னக் கூப்பிட்டார். "நஸீபா ராத்தா, இவ என்னமோ சொல்லணுமாம், வந்து கேளுங்க." போனன். "ஊடு புள்ளைக்கு. ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டீங்கதானே" எண்டா கைறுன்னிஸா. நான் ஓமெண்டன். அவரும் ஓமெண்டார்.

அவ மௌத்தாகி நாப்பதாம் நாள் கத்தம் ஓதி, சோறு குடுத்து, சனமெல்லாம் கலைஞ்சாப் பிறகு பாஹிம் பேக்கோட வாசல் கேட்டடியில நிண்டார். முறைப்படி வெளிக்கிட்ட மனிசன். இந்த லூசுப் புள்ள ஓடிப்போய் பேக்கப் பறிச்சிட்டாள். "நீங்களும் போனா நான் யாரோட இரிக்கிற, வாப்பா?" எனக்கும் கண் கலங்கிட்டு, பொய் சொல்லல்ல. ஆனா எங்கட ஊர்ல போறவர மறிச்சு யாரும் உள்ள கூட்டிக்கிட்டு வாறதில்ல.

ரெண்டு வருசம் போக, ஓட்டமாவடியில ஹஸீனா எண்டு புருசன் மௌத்தான ஒரு புள்ளய அவர் முடிச்சார். அவவுக்கு றிஸ்னா எண்டு ஒரு சின்ன மகள். சொந்த ஊடில்ல, வாடகைக்கு இருந்தவ. அவங்கள இங்க கூட்டி வரச் சொன்னது ஆரெண்டு நினைக்கிறீங்க? றமீஸாதான். முன்னறையக் கழுவித் துடைச்சு, தாய்ட கட்டில்ல புது விரிப்புப் போட்டுக் குடுத்தாள். "உனக்கென்ன விசராடி?" எண்டு ஏசினன். "பாவம் மாமி, சின்னப் புள்ளையோட எங்க போவா" எண்டாள்.

அதுக்குப் பிறகு கலியாணப் பேச்சு வந்திச்சு. றிப்ஷான், காத்தான்குடிப் பொடியன். இவளுக்கும் நல்ல விருப்பம். அவன்ட உம்மா வந்து ஊட்டச் சுத்திப் பாத்திட்டு, நிக்காஹ்வுக்கு முதல் ஊடு புள்ளட பேரில இரிக்கணும் எண்டா. ஞாயமான கேள்விதான். தாய் எழுதாமப் போனதால பங்குகாரர் ரெண்டு பேரும் ஒப்பம் வெக்கணும் எண்டு நோட்டரி சொன்னார். ஒராள் கைறுன்னிஸாட கூடப் பொறந்த மூத்தவர், அவட காக்கா, மத்தது பாஹிம். காக்கா வாழைச்சேனையிலிருந்து பஸ்ல வந்து, தேத்தண்ணியும் குடிக்காம ஒப்பம் வெச்சிட்டுப் போனார். பாஹிம் வெக்கல்ல. யோசிக்கணுமாம். றமீஸா ஆக்கிப் போட்ட சோத்தத் தின்டுக்கிட்டே மாசக்கணக்கில யோசிச்சார் மனிசன்.

கடைசியில பள்ளிவாசல் நிருவாகத்துக்கிட்டப் போச்சு. சாட்சிக்கு நான் போனன். கைறுன்னிஸா சொன்னத அப்பிடியே சொன்னன். அவர் இல்லெண்டு சாதிப்பார் எண்டு பாத்தா, "ராத்தா சொல்றது உண்மதான். அவ சொன்னா. ஆனா எழுதல்லயே" எண்டார். "மார்க்கப்படி புருசனுக்குக் கால்வாசிப் பங்கு இரிக்கி. முன்னறை ரெண்டையும் எனக்குப் பிரிச்சுத் தாங்க."

பங்கு சரிதான், அத நானும் மறுக்கல்ல. எனக்கு வயிறு எரிஞ்சது அந்த "எழுதல்லயே"க்குத்தான். அதச் சொல்லக்குள்ள அவர்ட குரல் கொஞ்சமும் தடுமாறல்ல.

தலைவர் தன்மையாத்தான் கேட்டார். "தம்பி, இந்த வயசில உங்களுக்கு ஊடு எதுக்கு? நீங்க வளத்த புள்ளதானே, விட்டுக் குடுங்களன்."

"எனக்கில்ல" எண்டார் பாஹிம். "றிஸ்னாக்கு. நாளைக்கு அதுக்கு மாப்பிள்ள தேடினா ஊடு கேப்பாங்க. ஒண்டுமில்லாத புள்ள. என்ன வாப்பா எண்டு கூப்பிடுது."

என்ட கை, பக்கத்தில இருந்த றமீஸாட கைக்குள்ள இருந்திச்சு. அவள் கைய எடுத்திட்டாள். முகத்திரைய உயத்தி அவர நேராப் பாத்தாள்.

"நான் உங்கள எப்பிடிக் கூப்பிட்டன்?"

அவர் தொப்பியக் கழட்டி, திரும்பப் போட்டார். "நீ வளந்திட்டாய்தானே, புள்ள" எண்டார்.

பங்கு பிரிக்கத்தான் வேணும் எண்டு முடிவாச்சு. வெளியில வந்து, நான் பக்கத்தில நிக்கத்தான் அவள் றிப்ஷானுக்குப் போன் எடுத்தாள். அழல்ல. "பின்பக்கம் மட்டுந்தான் எனக்கு இரிக்கி. வருவீங்களா?" எண்டு கேட்டாள். உம்மாட்டக் கேட்டுச் சொல்றன் எண்டானாம். நோம்பும் வந்து போயிட்டு, பெருநாளும் முடிஞ்சிட்டு. பொடியன் இன்னும் கேட்டு முடியல்ல.