கொக்கிக்காரன் பேத்திக்குத் தொட்டில் இல்லை

மற்ற தொழில்களில் வேலை முடிந்ததும் நிம்மதி வரும். தொட்டில் கொக்கி போடுகிற தொழிலில் வேலை முடிந்த பிறகுதான் பயம் வரும். கூரையில் துளை போட்டு, கொக்கியை முறுக்கிவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் போய்விடுவேன். அதற்குப் பிறகு அந்தக் கொக்கியில் ஓர் உயிர் தொங்கும். தூங்குகிற குழந்தையின் மூக்கருகே புறங்கையை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்தவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே சங்கம். சந்தா கிடையாது.

நான் பிறவிக் கொக்கிக்காரன் அல்ல. திருவெறும்பூர் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தேன். வேலைநிறுத்தம் செய்தோம், வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தோம், சிறைக்கும் போனோம். கடைசியில் எல்லாரையும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், என்னைத் தவிர. அன்று என்னோடு கோஷம் போட்டவர்களில் சிலர் இன்று காரில் போகிறார்கள். என்னைப் பார்த்தால் கண்ணாடியை இறக்குவதில்லை. போகட்டும். பள்ளிக்கூடம் எனக்குக் கற்றுத் தந்தது கொஞ்சம். துண்டுப் பிரசுரங்கள் கற்றுத் தந்ததுதான் மிச்சமெல்லாம்.

இப்போது திருச்சி பாலக்கரையில் ஜமால் பாய் கடையில் வேலை. தொட்டில், கொசுவலை, குழந்தை மெத்தை விற்பது அவர். வீடு வீடாகப் போய் மாட்டிக் கொடுப்பது நான். என் மகள் செல்விக்குக் குழந்தை பிறந்ததும் இந்தத் தொழிலே என் எதிரில் வந்து நின்றுகொண்டது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

தொங்கிப் பார்ப்பது

கொக்கி மாட்டியதும் அதில் ஒரு கயிற்றைப் போட்டு, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கி, நானே தொங்கிப் பார்ப்பேன். என்னைத் தாங்காத கூரையிடம் ஒரு குழந்தையை ஒப்படைக்க எனக்கு மனம் வராது. பாலக்கரையிலேயே ஒரு மாடி வீடு. வீட்டுக்காரர் மளிகைக் கடை வைத்திருப்பவர். மழைத் தண்ணீர் ஊறிய கூரை. சுத்தியலால் தட்டினால் பொத்துப் பொத்தென்று சத்தம். அடுத்த அறையில் போடலாம் என்றேன். "அந்த ரூம்ல ஏசி இல்லீங்களே" என்றார்.

சரி என்று துளை போட்டேன், மாட்டினேன், தொங்கினேன். அடுத்த நொடி தரையில் உட்கார்ந்திருந்தேன். தலையெல்லாம் காரை. மேலே பெயர்ந்த இடத்தில் துருப்பிடித்த கம்பி பல்லிளித்தது. அவர் மனைவி குழந்தையை இறுக்கி அணைத்தபடி சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். மளிகைக்காரர் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "தொங்குறதுக்கு முன்னாடியே கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமேண்ணே!"

பூவின் நடுவில்

தென்னூரில் ஒரு அடுக்குமாடி வீடு. கணவன், மனைவி இருவரும் கம்ப்யூட்டர் வேலை. கூடத்தில் ஃபால்ஸ் சீலிங் போட்டு, அதில் தாமரைப்பூ மாதிரி வேலைப்பாடு செய்திருந்தார்கள். அந்தப் பூவின் சரியான நடுவில் கொக்கி வேண்டும் என்றார் கணவர். ஏணியில் ஏறி, பூவின் ஓர் இதழைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினேன். அட்டைப் பெட்டி மாதிரி அமுங்கியது. "சார், இது கூரை இல்லை, கூரைக்குப் போட்ட சட்டை. சட்டைப் பொத்தான்ல குழந்தையைத் தொங்கவிட முடியுமா?" என்றேன். "இன்டீரியர் பண்ணவர் ஸ்ட்ராங்னு சொன்னாரே" என்று அவர் திரும்பத் திரும்ப வாதாடினார். நிர்வாகத்தோடு எத்தனையோ பேச்சுவார்த்தைகளில் உட்கார்ந்தவன் நான். இவ்வளவு பிடிவாதத்தை அங்கே கூடப் பார்த்ததில்லை.

அந்த வீட்டில் குழந்தைக்கு ஒரு மரக் கட்டிலும் இருந்தது. சுற்றிலும் குட்டித் தலையணைகள், உள்ளே பஞ்சுக் கரடி, முயல், மேலே கனத்த போர்வை. எவ்வளவு வசதி என்று அன்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். அதுவரை எனக்குத் தெரிந்த ஆபத்து ஒன்றுதான்: மேலிருந்து கீழே விழுவது. வாக்குவாதத்தை முடித்துவைத்தவர் அவர் மனைவிதான். மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "நீங்க முதல்ல அந்தப் பூவுல தொங்குங்க. தாங்குச்சுன்னா பாப்பாவைப் போடலாம்."

கடுகுத் தலையணை

செல்விக்கு மாதம் நிறையுமுன்பே பெண் குழந்தை பிறந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்கிவிடும் போல அவ்வளவு சிறியது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பப் போகிறோம் என்று ஒருநாள் சொன்னதும், தலை உருண்டையாக வரட்டும் என்று கடுகு நிரப்பிய சின்னத் தலையணை ஒன்றைத் தைத்து வாங்கிக்கொண்டு ஓடினேன். அங்கிருந்த நர்ஸ் அதை இரண்டு விரலால் தூக்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "தலையணை எதுவும் வேண்டாம் தாத்தா. சமமா, கெட்டியா ஒரு மெத்தை. மல்லாக்கப் படுக்க வைக்கணும். பக்கத்துல துணி, பொம்மை எதுவும் கூடாது. அம்மா இருக்கிற ரூம்லயே, ஆனா தனியா. தூளி கூடவே கூடாது."

தூளி கூடாதா? என் பிழைப்பே புடவைத் தூளி கட்டக் கொக்கி போடுவதுதான். ஏன் என்று கேட்டேன். கேட்பது என் பழக்கம். "தூளியில குழந்தை வளைஞ்சு கிடக்கும். தாடை நெஞ்சுல முட்டும். இவளுக்குக் கழுத்து இன்னும் நிக்கலை. மூச்சு போற வழி மடங்கிடும். அழக்கூட மாட்டா தாத்தா, சத்தமே வராது." ஆனாலும் விடவில்லை. நாங்களெல்லாம் தூளியில்தானே வளர்ந்தோம் என்றேன். நர்ஸ் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "வளர்ந்தவங்க மட்டும்தானே தாத்தா இங்க வந்து இந்தக் கேள்வியைக் கேட்க முடியும்?"

கடைக்குள் போராட்டம்

ஒரு விஷயம் தெரிந்தால் அதை அச்சடித்து நாலு பேருக்குக் கொடுக்காமல் எனக்குச் சோறு இறங்காது. இரவல் வாங்கிய பேனாவில் ஆஸ்பத்திரியிலேயே எழுதி, அச்சகத்தில் கொடுத்தேன். "தாய்மார்களே! தந்தையரே! குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள்! தூளியில் தூங்கவிடாதீர்கள்! தலையணை எதற்கு? பொம்மை எதற்கு? சமமான மெத்தை, தனிப் படுக்கை, இதுவே பச்சிளம் உயிரின் உரிமை!" தலைப்பைச் சிவப்பு மையில் போடச் சொன்னேன். கடை வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒன்றைத் திணித்தேன்.

ஸ்பிரிங் தொட்டில் வாங்க வந்த ஒரு பெண் அதை முழுதாகப் படித்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பினார். தலையணை செட் கேட்டு வந்த இன்னொருவர், அதற்குப் பதில் மெத்தையை அழுத்தி அழுத்திப் பார்த்து வாங்கிப் போனார். நான் ஜமால் பாயின் முகத்தைப் பார்க்கவில்லை. வேலை போய்விடும் என்று தெரியும். எனக்கு அது புதிதும் அல்ல. பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். ஒரு பிரசுரத்தை எடுத்துக் கல்லாவுக்கு மேலே கண்ணாடியில் ஒட்டினார். பிறகு சொன்னார்: "தலைவரே, கடைக்கு வெளிய நின்னு கோஷம் போடுறவங்களை நான் பார்த்திருக்கேன். எங்கிட்டயே சம்பளம் வாங்கிட்டு, என் கடையிலயே நின்னு எனக்கு எதிரா போடுறவரை இப்பத்தான் பார்க்குறேன்."

உத்தர வீதியில்

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி வீடு ஒன்று. கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். பழைய உத்தரத்தில் புதுக் கொக்கி போட அழைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததுமே என் கண் கூடத்து மூலைக்குப் போயிற்று. சன்னல் கம்பிக்கும் தூணுக்கும் நடுவே கட்டிய தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். தாடை நெஞ்சில் முட்டிக் கிடந்தது. சத்தம் இல்லை. "அம்மா, குழந்தையைத் தூக்குங்க, முதல்ல தூக்குங்க" என்று கத்திவிட்டேன். தாய் பதறி ஓடிவந்து அள்ளினார். குழந்தை முகத்தைச் சுளித்து, வீடே அதிர அழுதது. அந்த அழுகையைப் போல் இனிமையான ஒன்றை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

வீட்டுப் பெரியவர் சந்தியாவந்தனத்தில் இருந்தவர், பாதியில் எழுந்து வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பிரசுரத்தை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "பாயைப் போட்டு மெத்தையை விரிடீ, குழந்தையை அதுல விடு" என்று மருமகளிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்: "எங்க பெருமாளும் ஊஞ்சல் உற்சவத்துல ஆடுவார். ஆடி முடிஞ்சா உள்ளே எழுந்தருளிடுவார். ஊஞ்சல்லயே சயனம் பண்ணிட மாட்டார். நீர் சொல்றது நியாயம்தான் ஓய். ஆனா அதை இப்படிச் சிவப்பு மையிலயா சொல்லணும்?"

கம்பி வைத்த கட்டில்

ஊராரிடம் சொல்லிவிடலாம், சம்பந்தி வீட்டில் சொல்வது வேறு. செல்வியின் கணவர் முருகேசனுக்கு லால்குடி பக்கம் விவசாயக் குடும்பம். மன்னார்புரத்தில் வாடகை வீடு. பெயர் வைக்கிற நாளில் தாய்வீட்டார்தான் தொட்டில் கொண்டுவர வேண்டும், அது முறை. அதிலும் தாய்வீட்டுக்காரன் கொக்கிக்காரன் என்றால் எதிர்பார்ப்பு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முருகேசனின் அக்கா பவானி ஒத்தாசைக்கு வந்து தங்கியிருந்தார். கூரையில் எந்த இடம் என்று அவரே கரிக்கட்டியால் குறி வைத்திருந்தார். நான் கொக்கி போட மாட்டேன் என்றேன். அன்று அந்த வீட்டில் எனக்குக் காபி வரவில்லை.

பழைய வெல்டிங் கை இன்னும் மறக்கவில்லை. ஒரு கட்டில் செய்தேன். குழந்தைத் தலை நுழையாத நெருக்கத்தில் கம்பிகள்; ஓரத்தில் இடுக்கு விழாதபடி அளந்து வெட்டிய கெட்டி மெத்தை; மேலே முகத்தில் சரிந்துவிடாமல் சட்டத்தோடு இழுத்துக் கட்டிய கொசுவலை. அரத்தால் ராவி ராவி, கன்னத்தில் உரசிப் பார்த்து, வண்ணம் பூசினேன். ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினேன். செல்வி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புகுந்த வீட்டில் அவள் தலைகுனிந்து நிற்பது என்னால்தான் என்று தெரிந்தது. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பவானி கட்டிலைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்: "மாமா ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவர்னு தெரியும். அதுக்காகப் பொறந்த புள்ளைக்குமா கம்பி வச்சுத் தருவாங்க?"

வெளிநடப்பு

பெயர் வைக்கிற நாளன்று போனால், கூரையில் கொக்கி. முருகேசன் தெரிந்த கொத்தனாரை வைத்துப் போட்டிருந்தார். பட்டுப் புடவைத் தூளி, பூச்சரம், சுற்றிலும் உறவுக்கூட்டம். என் கட்டில் உள்ளறையில் எங்கோ கிடந்தது. குழந்தையைத் தூளியில் விட்டு, காதில் பெயர் சொல்லி ஆட்டினார்கள். நான் செல்வியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. இலை போட்டுவிட்டார்கள். எத்தனையோ கூட்டங்களில் வெளிநடப்பு செய்தவன், அன்று பேத்தியின் விருந்திலிருந்தும் வெளிநடப்பு செய்தேன். பின்னாலிருந்து ஒருவரும் கூப்பிடவில்லை.

கோபம் மறுநாள் காலை வரைதான் தாங்கியது. பிறகு பயம் மட்டும் மிஞ்சியது. பஸ் பிடித்து மன்னார்புரத்தில் இறங்கி ஓடினேன். கதவு திறந்திருந்தது. பவானி டிவியில் சீரியல் பார்த்தபடி, ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தார். தூளி கனத்து, புடைத்து, ஆழமாகத் தொங்கியது. சத்தமே இல்லை. பாய்ந்து போய் இரண்டு கையையும் தூளிக்குள் விட்டேன். கையில் வந்தது ஒரு காலர். தூக்கிப் பார்த்தால், மடித்துத் தேய்த்த சட்டைகள், ஒன்றன்மேல் ஒன்று. பவானி டிவியை விட்டுக் கண்ணெடுக்காமல், "கலைக்காதீங்க மாமா" என்றார்.

உள்ளறையில் செல்வியின் படுக்கையை ஒட்டி என் கட்டில். வலைக்குள் குழந்தை மல்லாக்கப் படுத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, சரணடைந்தவள் போலத் தூங்கிக்கொண்டிருந்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செல்வி காபித் தம்ளரை என் கையில் வைத்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "முறைக்கு ஒரு தடவை விட்டு எடுத்தாச்சுப்பா, அவ்வளவுதான். வெறுந்தொட்டில் ஆடக்கூடாதுன்னு அண்ணி சொன்னாங்க, அதான் இவரு சட்டையெல்லாம் போட்டு வச்சிருக்கேன். நீங்க நேத்து கோவிச்சுக்கிட்டுப் போகாம சாப்பிட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்ல?"

வீட்டுக்கு வீடு கொக்கி போட்டுவிட்டுக் கவலையில் வேகிறவனுக்கு, இந்தத் திருச்சியில் கவலை தராத தொட்டில் இன்றைக்கு ஒன்றே ஒன்றுதான். அதில் என் மருமகனின் சட்டைகள் தூங்குகின்றன.