ஆட்டப்பட்டறையின் நம்பலாம் பட்டியல்

காலை பத்தரை மணிக்கு பாண்டீஸ்வரி 'ஆட்டப்பட்டறை' பக்கத்தில் போட்ட படத்தைப் பார்த்து ரூத்துக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கூரியர் ஆபீஸ் கவுண்டர் மேல் ஒரு பழுப்பு கவர். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, கல்யாணப் பத்திரிகை மாதிரி வைத்திருந்தாள். கீழே இப்படி எழுதியிருந்தாள்: "அண்ணே, உங்க புண்ணியத்துல ஏழுகடல் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சு. மூணு வருசப் பாடு."

அந்த அண்ணன் வேறு யாருமில்லை, ரூத்தேதான். முப்பத்தெட்டு வயது. தல்லாகுளத்தில் வக்கீல் அழகுமலையின் ஆபீசில் பதினாலு வருடமாக டைப்பிஸ்ட். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் வேறொரு வேலை. கம்ப்யூட்டரிலும் போனிலும் விளையாடுகிற ஆட்டங்களைத் தனியாளாக உட்கார்ந்து செய்கிறவர்களுக்காக 'ஆட்டப்பட்டறை' என்று ஒரு பக்கம் நடத்துகிறாள். எந்த நாட்டில் எந்த விழாவுக்கு ஆட்டம் கேட்கிறார்கள், கடைசித் தேதி என்ன, இலவசமாகப் படமும் சத்தமும் எங்கே கிடைக்கும், எந்தக் கம்பெனி உதவித்தொகை தருகிறது என்று சனிக்கிழமைதோறும் தமிழில் எழுதுவாள். ஏழு வருடத்துக்கு முன்னால் அவளும் ஒரு சொல் விளையாட்டு செய்தவள்தான். அதற்குத் தோதான விழா ஒன்று நடந்ததே, முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் அவள் காதுக்கு வந்தது. அந்த ஆத்திரத்தில் தொடங்கிய பக்கம் அது.

ஆரம்பத்தில் தன் பெயரைப் போட்டுத்தான் எழுதினாள். போட்டால் என்ன ஆனது? "மேடம், உங்களுக்கு நெசமாவே கோடிங் தெரியுமா?" என்று ஒவ்வொருத்தனாகப் பரீட்சை வைக்க வந்துவிட்டான். சீ போ என்று பெயரை எடுத்துவிட்டாள். எடுத்த மறுவாரமே எல்லோருக்கும் அவள் அண்ணன் ஆகிவிட்டாள். கேள்வி கேட்க ஓர் ஆள் இல்லை. சரி, வேலை நடந்தால் போதும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அந்தப் பக்கத்தின் உயிர் 'நம்பலாம்' பட்டியல். ஆட்டத்தைச் செய்வது ஒருவர், அதை வாங்கி விற்றுக்கொடுப்பது ஒரு கம்பெனி. அப்படிப்பட்ட கம்பெனிகளில் எது யோக்கியமானது என்று அந்தப் பட்டியல் சொல்லும். ஒரு கம்பெனியைச் சேர்க்கும் முன், அதற்கு ஏற்கெனவே ஆட்டம் கொடுத்த ஒருவருடைய நம்பரை வாங்கி, ரூத் தானே, பக்கத்தின் பெயரைச் சொல்லாமல், பேசி விசாரிப்பாள். "விசாரித்துப் போட்டது" என்று பட்டியலின் தலையிலேயே எழுதி வைத்திருந்தாள். பாண்டீஸ்வரி மாதிரியானவர்கள் அந்த இரண்டு சொல்லை நம்பித்தான் பேனாவைத் திறந்தார்கள்.

பதினொரு மணிக்குச் சேலத்திலிருந்து ஆலன் என்கிற பையன் ஒரு செய்தி அனுப்பினான். குரல் பதிவு. கோபத்தில் மூச்சு வாங்கியது அவனுக்கு. போன வருடம் தன் ஆட்டத்தை ஏழுகடலுக்குக் கொடுத்தானாம். ஆறு மாதத்தில் ஆட்டத்தின் பெயரை மாற்றினார்கள், அதிலிருந்து இவன் பெயரைத் தூக்கினார்கள். கேட்டால், நீ கையெழுத்துப் போட்டதைப் படித்துப் பார் என்கிறார்கள். இப்போது அவன் அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாகத்தைக்கூடச் செய்ய முடியாது. "அவனுகளைப் போய் நம்பலாம்னு போட்டிருக்கீங்களே, யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என்று முடித்திருந்தான். கூடவே ஒப்பந்தத்தையும் படமெடுத்து அனுப்பியிருந்தான்.

யாரையும் கேட்கவில்லை அவள்.

நடந்தது இதுதான். இரண்டு மாதத்துக்கு முன், பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஏழுகடலிலிருந்து கிருபாகரன் என்பவர் எழுத, ரூத் அவருக்குப் போன் போட்டாள். பேச்சுவாக்கில், இவள் படித்த மிஷன் பள்ளியில்தான் அவரும் படித்தார் என்று தெரிந்தது. அற்புதமேரி டீச்சர், தாமதமாக வருகிற பிள்ளைகளை மேடையில் ஏற்றி ஜெபம் சொல்ல வைப்பதை அப்படியே நடித்துக் காட்டினார். ரூத் கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தாள். இருபது நிமிடத்தில் அவர் அண்ணனாகிவிட்டார். ஒரு நம்பர் கொடுங்கள், விசாரிக்க வேண்டும் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. நம்ம ஸ்கூல் ஆளைப் போய் சந்தேகப்படுவதா? போதாததற்கு, கம்ப்யூட்டரில் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிற இந்தக் காலத்தில், அந்தக் கம்பெனி முத்திரைத்தாளில் மூலப் பிரதி கேட்டது. வக்கீல் ஆபீசில் கிடப்பவளுக்கு முத்திரைத்தாள் என்றாலே ஒரு மரியாதை. பட்டியலில் சேர்த்துவிட்டாள். இத்தனைக்கும் அந்த மனிதர் பள்ளியைப் பற்றிச் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

ஆலன் அனுப்பியது கம்பெனி எல்லோருக்கும் கொடுக்கிற அதே அச்சு ஒப்பந்தம்தான். ஒரு மூச்சில் படித்தாள். பதினேழாவது பத்தியில் இருந்தது எல்லாம். ஆட்டம், அதன் பாத்திரங்கள், பெயர், இனி அதை ஒட்டிச் செய்யப்போவது அனைத்தும் கம்பெனிக்கே. கடைசிப் பத்தியில் இன்னொன்று: கையெழுத்திட்ட மூலப் பிரதி கம்பெனியின் கைக்கு வந்து சேரும் நாளிலிருந்து ஒப்பந்தம் அமலுக்கு வரும். மஞ்சள் தடவிய அந்த கவர் போய்ச் சேராதவரை பாண்டீஸ்வரியின் ஆட்டம் பாண்டீஸ்வரியுடையது.

அந்த ஆட்டத்தின் பெயர் 'கடைமடை'. செக்கானூரணிப் பக்கம் அவள் அப்பா காளைக்கு இருக்கிற நிலம் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. முறைத்தண்ணீர் மேலே இருப்பவர்களின் வயலையெல்லாம் தாண்டி வந்து சேர்வதற்குள் வாய்க்காலே வற்றிவிடும். ஆட்டத்தில் ஒரு பெண் மடை மடையாகத் திறந்து மூடி, ஒருவரிடம் கெஞ்சி, ஒருவரிடம் சண்டை போட்டு, தண்ணீரைத் தன் வயலுக்குக் கொண்டுவர வேண்டும். அவனியாபுரத்தில் அத்தை வீட்டில் தங்கி, ஒரு லேத் பட்டறையில் பில் போட்டுக்கொண்டே மூன்று வருடமாக அதைச் செய்திருந்தாள். ரூத் அதை விளையாடிப் பார்த்திருக்கிறாள். தண்ணீர் கடைசி வயலைத் தொட்டபோது வாய்விட்டுக் கத்தியிருக்கிறாள்.

படத்தில் பெயர் தெரிந்த அவனியாபுரம் கூரியர் ஆபீசுக்குப் போன் போட்டாள். விமான நிலையத்துக்கு வண்டி பன்னிரண்டரைக்குக் கிளம்பும் என்றார்கள். அழகுமலையிடம் அரை நாள் லீவு கேட்டபோது அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். காரணம் கேட்டார். ஒரு தப்புப் பண்ணிட்டேன் சார் என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினாள்.

ஆட்டோவில் ஏறியதும் பாண்டீஸ்வரிக்குப் போன் போட்டாள். பக்கத்தில் சேரும்போது அவள் கொடுத்த நம்பர் இருந்தது.

"நான் ஆட்டப்பட்டறையிலேர்ந்து பேசுறேம்மா. அந்த கவரை அனுப்ப வேண்டாம், கூரியர்ல சொல்லித் திரும்ப வாங்கிரு."

"நீங்க யாரு?"

"நாந்தான் அந்தப் பக்கத்தை நடத்துறேன்."

"அண்ணன் பொம்பளைக் குரல்ல பேச மாட்டாரே" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். மறுபடி போட்டால் போகவில்லை. நம்பரையே தடுத்துவிட்டாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? போன மாதம் எவனோ ஒருவன் ஆட்டப்பட்டறையின் பெயரைச் சொல்லிப் பலருக்குப் போன் போட்டு ஏமாற்றப் பார்த்தான். அப்போது ரூத்தே கொட்டை எழுத்தில் எழுதினாள்: நான் யாருக்கும் போன் செய்வதில்லை, தனியாகச் செய்தி அனுப்புவதுமில்லை, பக்கத்தில் எல்லோரும் பார்க்க எழுதினால் மட்டுமே அது நான். அந்தப் பெண் சொன்னதைச் சொன்னபடி கேட்டிருக்கிறாள். பக்கத்தின் கணக்கிலிருந்தே தனிச் செய்தி அனுப்பிப் பார்த்தாள். பார்த்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை.

பெரியார் பஸ் ஸ்டாண்டு தாண்டி ஆட்டோ நின்றுவிட்டது. முன்னால் ஒரு டவுன் பஸ், அதற்கு முன்னால் என்னவென்றே தெரியவில்லை. இருப்பது ஒரே வழி, பக்கத்தில் எழுதுவது. எழுதினாள். எப்படி எழுதினாள் தெரியுமா? "ஏழுகடல் குறித்துச் சில புதிய தகவல்கள் வந்துள்ளன. நண்பர்கள் சற்று நிதானிக்கவும்." மழுப்பல் என்றால் இதுதான் மழுப்பல். தன் மேல் ஒரு துளி சேறு தெறிக்காமல் அந்தப் பெண்ணைக் காப்பாற்றிவிடலாம் என்று பார்த்தாள். ரூத் கெட்டவள் இல்லை. ஆனால் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் நம்புகிற இடத்தில் ஏழு வருடம் இருந்துவிட்டால், அதை விட்டு இறங்க யாருக்குத்தான் கால் வரும்?

அவனியாபுரம் கூரியர் ஆபீசுக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு பத்து. கவுண்டரில் தங்கப்பாண்டி என்று பெயர்ப்பட்டை குத்திய ஆள். அவருக்குப் பின்னால் சாக்குக்குள் கவர்கள் போய்க்கொண்டிருந்தன. மஞ்சள் மூலை ஒன்று மேலாகத் தெரிந்தது. அனுப்பியவருடைய போனுக்கு ஓடிபி வரும், அந்த நம்பரைச் சொன்னால்தான் திருப்பித் தர முடியும் என்றார். அவளிடம் பேச முடியவில்லை என்று ரூத் கெஞ்சினாள். ஓடிபியை அனுப்பிவிடுகிறேன், அவங்ககிட்ட வாங்கிக்கொள்வது உங்கள் பாடு என்றார். வண்டிக்காரர் வாசலில் வந்து பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

அந்த நேரம் பக்கத்தில் பாண்டீஸ்வரியின் பதில் வந்தது. ரூத் எழுதியதற்குக் கீழேயே எழுதியிருந்தாள்: "அண்ணே, நீங்க விசாரிச்சுத்தானே போட்டீங்க? இப்ப யாரோ ஒரு பொம்பளை போன் பண்ணி கவரைத் திருப்பச் சொல்லுது. ஓடிபி வேற வருது. நான் கொடுக்க மாட்டேன், கவலைப்படாதீங்க."

கவலைப்படாதீங்க என்கிற சொல்லைப் படித்ததும் ரூத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எழுத வேண்டியது என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எழுதினால் பக்கம் போகும், பட்டியல் போகும், நாளைக்கு அவள் விழாத் தேதி சொன்னால்கூட சிரிப்பார்கள். இவள் யாரு, டைப்பிஸ்ட்டா என்பார்கள். சாக்கின் வாயைத் தங்கப்பாண்டி கயிறு போட்டுக் கட்ட ஆரம்பித்தார். ஒரு நிமிசம் இருங்கண்ணே என்றாள் ரூத். பதினாலு வருடம் தட்டச்சு செய்த விரல் மூன்று இடத்தில் தப்பாக அடித்தது. திருத்தாமலேயே அனுப்பினாள். தப்பைத் திருத்திப் படித்தால் இப்படி:

"பாண்டீஸ்வரி, நான் விசாரிக்கவில்லை. ஏழுகடல் ஆள் என் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அதனால் நம்பிப் போட்டுவிட்டேன். பதினேழாவது பத்தியைப் படி, உன் ஆட்டம் உன்னுடையதாக இருக்காது. இப்போது கூரியர் கவுண்டரில் நிற்பது நான். போன் செய்த பொம்பளையும் நான்தான். அண்ணன் என்று யாரும் இல்லை. என் பெயர் ரூத்."

கீழே ஒவ்வொன்றாக விழுந்தது. இத்தனை நாளும் எங்களை ஏமாத்தினியா என்றான் ஒருவன். கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்றான் இன்னொருவன். வண்டிக்காரர் சாக்கைத் தோளில் தூக்கிவிட்டார். ரூத் அவர் குறுக்கே போய் நின்றாள். தள்ளுங்கம்மா என்றார். தள்ளவில்லை.

போன் அடித்தது.

"நாலு, ஒன்னு, ஒன்னு, ஏழு" என்றாள் பாண்டீஸ்வரி. சொன்னதும் வைத்துவிட்டாள்.

தங்கப்பாண்டி நம்பரை அடித்துப் பார்த்தார், தலையாட்டினார், சாக்கை இறக்கச் சொன்னார். கவர் கைக்கு வந்ததும் ரூத் அங்கிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். கவரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வண்டி கிளம்பிப் போனது.

கால் மணி நேரத்தில் பாண்டீஸ்வரி வந்தாள். பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தாள், சைக்கிளைக்கூட ஸ்டாண்டு போடவில்லை, சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். ரூத்தைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். இவளையா இத்தனை வருடம் அண்ணே என்று கூப்பிட்டோம் என்று நினைத்தாளோ என்னவோ. கவரை வாங்கிக் கிழித்து, பதினேழாவது பத்தியை அங்கேயே நின்று படித்தாள். இரண்டு தரம் படித்தாள். பிறகு மடித்துப் பைக்குள் வைத்தாள்.

நன்றி சொல்வாள், இல்லாவிட்டால் திட்டுவாள் என்று ரூத் இரண்டுக்கும் தயாராக இருந்தாள். பாண்டீஸ்வரி இரண்டும் செய்யவில்லை.

"அக்கா, அந்தப் பட்டியல்ல இன்னும் பதினோரு கம்பெனி இருக்கு. நெசத்தைச் சொல்லுங்க. எத்தனைக்கு விசாரிச்சீங்க?"

எல்லாவற்றுக்கும்தான் என்று சொல்லியிருக்கலாம். யாரும் போய்ச் சரிபார்க்கப் போவதில்லை. அந்தப் பெண் நம்பவும் செய்திருப்பாள், அதுதான் கொடுமை.

"எட்டு" என்றாள் ரூத். விசாரிக்காத மூன்றின் பெயரையும் சொன்னாள்.

பாண்டீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். தெரிந்தவர்களில் யார் யார் அந்த மூன்றில் எதற்கு ஆட்டம் கொடுத்தார்கள் என்று எண்ணிப் பார்த்தாள் போலிருக்கிறது. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"அந்த மூணுல ஒன்னுக்கு, எங்க பட்டறைல கூட வேலை பார்க்குற நாகஜோதி போன வாரம் தன் ஆட்டத்தைக் கொடுத்திருச்சுக்கா. நாந்தான் உங்க பக்கத்தைக் காட்டிக் கொடுக்கச் சொன்னேன். வாங்க, அதுகிட்ட நீங்களே சொல்லுங்க."

ரூத் எழுந்து அவள் பின்னால் நடந்தாள்.