கயிற்றில் வந்த பதில்

ஆறேழு வருடம் இருக்கும். ஆரியங்கோட்டுப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிணறு தூர் வாரப் போயிருந்தோம். நானும் என் மனைவியின் தம்பியும். அதுதான் எங்கள் தொழில். அவன் இறங்குவான், நான் மேலே நிற்பேன்.

ஆழக் கிணற்றில் கத்தினால் சத்தம் சுவரில் மோதிக் குழம்பிவிடும். அதனால் கயிற்றில்தான் பேச்சு. கீழே இருப்பவன் கயிற்றை விறைப்பாகப் பிடித்து ஒரு தடவை உதறினால் 'நிறுத்து'. இரண்டு தடவை உதறினால் 'என்னைத் தூக்கு'. மேலே நிற்பவன் அதே எண்ணிக்கையைத் திருப்பி உதறுவான். 'கேட்டேன்' என்று அர்த்தம்.

அன்று காலையில் எங்களுக்குள் வாய்ச்சண்டை. அவன் முகம் கொடுக்காமல் இறங்கினான். பத்து மணிக்குத் தோட்டக்காரர் சாயா குடிக்கக் கூப்பிட்டார். கப்பிக்குப் பின்னால் நின்ற ரப்பர் மரத்தில் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனேன். அவனிடம் சொல்லவில்லை.

திரும்பி வந்து பார்த்தால் அவன் சேற்றில் சாய்ந்து கிடந்தான். கீழே காற்று கெட்டுப்போயிருந்தது. கயிறு இடுப்பில் கட்டியிருந்ததால் நானும் தோட்டக்காரரும் இழுத்து எடுத்தோம். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து பிழைத்தான்.

கண் விழித்ததும் கேட்டான். "நான் ரெண்டு உதறினேன். ரெண்டு திரும்பி வந்துது. பின்ன ஏன் தூக்கல?"

"நான் அங்க இல்ல மக்கா. சாயா குடிக்கப் போனேன்."

"பொய் சொல்லாண்டாம். நாலு தடவ ரெண்டு ரெண்டா உதறினேன். நாலு தடவையும் பதில் வந்துது. மேல நின்னுட்டாக்கும் என்னைக் கெடக்க விட்டிய."

கயிற்றை உதற அங்கே வேறு ஆளும் இல்லை. நான் சொன்னது எனக்கே பொய் மாதிரி இருந்தது. தோட்டக்காரர் எனக்காகச் சொல்லியும் அவன் வீட்டில் எல்லோரும் அவனைத்தான் நம்பினார்கள். என் மனைவி பிறந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தினாள். ஒரே ஒரு தடவை கேட்டாள். "உள்ளதச் சொல்லுங்க. அங்க நின்னியளா?" இல்லை என்றேன். நம்பினாளா, தெரியாது.

இரண்டு வருடம் போனது. பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் கிணற்றில் வேலை. மதியம் வராந்தாவில் ஒரு டீச்சர் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை உதறினார். கயிற்றில் ஒரு மேடு ஓடியது. நடுவில் கட்டியிருந்த சிவப்புத் துணி மேலே எழுந்து இறங்கியது, நகரவில்லை.

"துணி எங்கயும் போவல. உதறல் மட்டும்தான் போவுது. கயிறு தளந்து கெடந்தா அதும் போவாது" என்றார்.

"டீச்சரே, திரும்பி வருது" என்றாள் ஒரு பெண்.

நானும் பார்த்தேன். கம்பிவரை மேல்பக்கமாகப் போன மேடு, கீழ்ப்பக்கமாகத் திரும்பி வந்தது. கை கழுவிவிட்டுப் போய், ஒரு தடவை பிடித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். டீச்சர் கொடுத்தார். இரண்டு உதறினேன். இரண்டு வந்தது.

அன்று சாயங்காலமே கயிற்றோடு மச்சினன் வீட்டுக்குப் போனேன். அவன் வா என்று சொல்லவில்லை. நான் முற்றத்துப் பலா மரத்தில் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை அவன் கையில் கொடுத்தேன்.

"இழுத்துப் பிடிச்சு ரெண்டு உதறு."

உதறினான். கையைப் பார்த்தான். மறுபடி உதறினான். பிறகு மரத்துக்குப் பின்னால் ஆள் உண்டா என்று போய்ப் பார்த்தான். வந்து படியில் உட்கார்ந்தான்.

"அப்போ மரமாக்கும் அன்னைக்கு எங்கிட்ட பேசினது."

"ஓ, மரமாக்கும்."

"அத்தான விட மரம் எவ்வளவோ நல்லதாக்கும். அது நின்ன எடத்துல நின்னுது."

சரிதான். அவன் என்னை அத்தான் என்று சொல்லி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

இப்போது மறுபடி ஒன்றாக வேலைக்குப் போகிறோம். கணக்கை அவன்தான் மாற்றினான். கீழே இருந்து இரண்டு வந்தால் மேலே நிற்பவன் மூன்று கொடுக்க வேண்டும். மரம் வாங்கினதை அப்படியே திருப்பும். ஒன்று கூட்டிக் கொடுக்க ஆள் வேண்டும்.

நான் பொய் சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது, ஆனால் அன்று நான் அங்கே இல்லை என்பது மாறவில்லை. அதனால் அந்த மூன்றாவது உதறலை எப்போதும் கொஞ்சம் அழுத்தியே கொடுக்கிறேன்.